பிஞ்சுக் கைகளும் நெஞ்சின் மொழியும்

(நம் கழகத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

25 ஆண்டுகளுக்கு முன் ஒரு கீற்றுக் கொட்டகையில், ஒற்றை மின்விளக்கின் கீழ், மாலை நேர வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அக்கொட்டகையில் பாய் விரித்துப் படித்த பிள்ளைகள் சிலர் இன்று அரசு அலுவலர்களாகவும் செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். இதனைக் காண உள்ளம் பூரிக்கிறது.

நமக்கு முன் பேசியவர்கள் உயர்கல்வி பற்றியும், உதவித்தொகை பற்றியும், வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். அவையெல்லாம் இன்றியமையாதவை. நாம் எடுத்துக் கொண்ட பொருளோ மிகச் சிறியது போலத் தோன்றும். ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள நம் பிள்ளைகள் தம் உள்ளத்தில் எழும் உணர்ச்சி இன்னதென்று அறிவதற்கும், அறிந்ததை வெளியிடுவதற்கும் களிமண்ணும் ஓலையும் கந்தல் துணியும் எவ்வாறு துணை செய்யும் என்பதே அது. "மண்ணைப் பிசைவதைப் பற்றிப் பேசவா ஒரு தலைமையாசிரியரை அழைத்தோம்?" என்று இளைஞர்கள் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

வயிற்றுவலிச் சிறுவன்

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு தொடக்கப் பள்ளியில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் படித்தான். அவன் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. நன்றாகப் படிப்பவன், மனக்கணக்கில் முந்துபவன். ஆயின் மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள், "ஐயா, வயிற்றை வலிக்கிறது" என்று சொல்லிச் சுருண்டு படுத்துக் கொள்வான். ஓமநீர் கொடுத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம்; பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி நிற்கவில்லை. நாளடைவில், பையன் மட்டம் போடக் கற்றுக் கொண்டான் என்று முடிவு கட்டினோம். ஒரு நாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி கடிந்தும் பேசிவிட்டோம். அதனை நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

ஐப்பசி அடைமழைக் காலம். திடலெல்லாம் நீர். விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளை அடக்கி வைக்க வழி தெரியாமல், வாய்க்கால் ஓரத்திலிருந்து களிமண் எடுத்துவரச் செய்து, ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தோம். ஒருத்தி அம்மி செய்தாள். ஒருவன் பாம்பு திரித்தான். ஒருவன் மாங்கனித் திருவிழாவில் வாரி இறைக்கும் மாம்பழங்களைச் செய்து அடுக்கினான். நம் சிறுவனோ வட்டமாக ஒன்றைத் தட்டினான். விளிம்பு எடுத்தான். இரண்டு ஈர்க்குகளை அதன் மேல் வைத்தான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முட்டியால் குத்தி நசுக்கினான். மீண்டும் அதையே செய்தான், மீண்டும் நசுக்கினான். மூன்றாம் முறை நாம் அருகில் சென்று அமர்ந்து, "இதைப் பற்றிச் சொல்லேன்" என்றோம். தலை நிமிராமல் சொன்னான்: "இது சத்தம் போடும் ஐயா. போட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்."

அப்போதுதான் நமக்கு விளங்கியது. அவன் தந்தை இழவு வீடுகளில் பறையடிப்பவர். பள்ளிக்கு அப்பாலுள்ள சாலையே இடுகாட்டுக்குச் செல்லும் வழி. ஊர்வலம் செல்லும் நாளில் உடன் படிக்கும் பிள்ளைகள் சிலர் அவனைப் பார்த்துப் பலகையில் தாளம் போட்டுச் சிரிப்பார்கள். அந்த நாட்களில்தான் அவனுக்கு வயிற்றை வலித்தது. ஓமநீரில் தீரக்கூடிய வலியா அது?

வெட்கம் வேறு, அவமானம் வேறு

அச்சிறுவன் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் உணர வேண்டும். அவனுக்கு உண்மையாகவே வலித்தது. வலிக்கும் இடம் எதுவென்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. சிறு பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் உடம்பு வழியாகவே வெளிப்படுகிறது. தலைவலி, வயிற்றுவலி, படுக்கையில் நீர் கழித்தல், காரணமின்றி அடித்தல், ஒன்றும் பேசாதிருத்தல் எனப் பல வடிவங்களில் அது வரும். மருத்துவர் பார்த்து நோயில்லை என்று சொன்ன பின்பும் வலி தொடர்ந்தால், அந்த வலிக்குள் ஒரு செய்தி இருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பிறர் இகழும்போது எழுவது அவமானம். தவறு செய்து அகப்படும்போது எழுவது வெட்கம். அவமானத்தில் குற்றம் இகழ்ந்தவருடையது; வெட்கத்தில் குற்றம் தன்னுடையது. இவ்விரண்டையும் பிரித்தறியாத பிள்ளை, பிறர் செய்த குற்றத்தைத் தன் குற்றமாக எடுத்துக் கொள்கிறது. தன் தந்தையை, தன் தெருவை, தன் தாயின் பேச்சை மறைக்கத் தொடங்குகிறது. பிறகு அது பட்டம் பெற்றாலும், பதவி பெற்றாலும், அந்தக் குனிந்த தலை நிமிர்வதற்கு நெடுங்காலம் ஆகிறது. இங்கே அமர்ந்திருப்போருள் பலர் இதனைத் தம் வாழ்வில் அறிவர்.

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் உட்காரத் தமக்கென ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டு சென்று, மாலையில் திரும்ப எடுத்து வர வேண்டியிருந்ததையும், பள்ளி ஏவலர் குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததையும் அவர் மறக்கவில்லை. எழுத்தாளர் பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' நூலில் தம் மூன்றாம் வகுப்புக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். நம்மவருள் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் கொடுத்ததைக் கண்டு, அது வேடிக்கை என்று எண்ணிச் சிறுமி சிரித்திருக்கிறாள். வீட்டில் அண்ணன் காரணத்தை விளக்கிய பின்னரே சிரிப்பு சினமாக மாறிற்று. கண்டதற்குப் பெயர் சொல்ல அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அத்தகைய அண்ணன் இல்லாத பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? நம் கழகம்தான் இருக்க வேண்டும்.

உணர்ச்சிகளுக்குப் பெயரிடுவது மேலை நாட்டார் கண்ட புதுமை என்று எவரும் கருத வேண்டா. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உள்ளது. சினம், மகிழ்ச்சி, வியப்பு, அச்சம், அழுகை, சிரிப்பு, இழிவு, பெருமிதம் என இன்று நாம் வழங்கும் எட்டையும் அது வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் காரணம் நான்கெனக் கூறுகிறது. அழுகை பிறக்கும் நான்கனுள் ஒன்று இளிவு, அதாவது பிறரால் இகழப்படுதல். வெகுளி பிறக்கும் நான்கனுள் ஒன்று குடிகோள், அதாவது தன்னைச் சார்ந்தோருக்குத் தீங்கு இழைக்கப்படுதல். பெருமிதம் பிறக்கும் நான்கனுள் ஒன்று கல்வி. தன் குடிக்குத் தீங்கு நேரும்போது சினம் எழுவது இயல்பென்று நம் மொழியின் முதல் இலக்கண நூல் சொல்லியிருக்க, "கோபப்படாதே, அடங்கி இரு" என்று நம் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி வளர்ப்பது எவ்வகையில் நேர்மை?

கை ஏன் முதலில் பேசுகிறது?

ஏழு வயதுப் பிள்ளையை எதிரில் நிறுத்தி, "உன் மனத்தில் என்ன இருக்கிறது, சொல்" என்றால் அது தரையைப் பார்க்கும். பெரியவர் கண்ணே அதற்கு அச்சம். கையில் களிமண் இருந்தாலோ இருவர் கண்ணும் மண்ணின் மேல் செல்கின்றன. பேச்சு தானாக ஊறுகிறது. "எனக்குப் பயம்" என்று சொல்ல மறுக்கும் பிள்ளை, "இந்தப் பொம்மைக்குப் பயம்" என்று தயங்காமல் சொல்லும். பொம்மையின் வாய் வழியாகப் பிள்ளையின் நெஞ்சு பேசுகிறது.

மண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதனை நசுக்கலாம், மீண்டும் செய்யலாம். உண்மை வாழ்வில் தன்னால் ஒன்றையும் மாற்ற இயலாத பிள்ளை, தன் கைக்குள் அடங்கிய ஓர் உலகத்தை உடைத்தும் கட்டியும் பார்க்கிறது. நம் சிறுவன் மூன்று முறை பறையை நசுக்கியதும் அதுவே. எழுத்தில் பிழை உண்டு. கணக்கில் பிழை உண்டு. களிமண்ணில் பிழை என்பதே இல்லை. ஆதலின் படிப்பில் பின்தங்கிய பிள்ளையும் இங்குத் தலைகுனிய வேண்டுவதில்லை.

தந்தையின் கேள்வி

சிறுவன் பறை செய்த செய்தி எப்படியோ அவன் வீட்டுக்குச் சென்றது. மறுநாள் காலை அவன் தந்தை பள்ளி வாயிலில் வந்து நின்றார். முகத்தில் சினம். "ஐயா, அவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறேன்? நீங்கள் அதையே மண்ணில் செய்யச் சொல்கிறீர்களே" என்றார்.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டு இராசாசி ஆட்சியில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் எஞ்சிய நேரம் தத்தம் தந்தையின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அன்று நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது எனினும், தோல் தொழிலாளியின் மகன் தோலையே தொட வேண்டும், கூலியின் மகன் சேற்றிலேயே நிற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு எல்லைக் கோடு ஏது? கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்கள் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஐயம் நியாயமானது.

ஆகவே அத்தந்தையிடம் நாம் வாதாடவில்லை. அவரை அமரச் செய்து, மகனுக்கு வயிற்றுவலி வரும் நாட்களைச் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் படித்த காலத்தில் பலகையில் தட்டமாட்டார்கள், நேரே சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டேன்" என்றார்.

கைவினை என்பதில் மூன்று வகை உண்டு என்று நாம் கருதுகிறோம். பிறப்பைக் காட்டி ஒருவன் மேல் சுமத்தப்படும் தொழில் ஒன்று. அதனை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியைப் போல, ஒரு தொழிலின் வழியாகப் பாடம் கற்பித்து, செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவுக்கும் துணை தேடுவது மற்றொன்று. அதன் நன்மை தீமைகளைப் பற்றிக் கற்றோர் வாதிடலாம். மூன்றாவது, விற்பனைக்கும் ஆகாத, மதிப்பெண்ணுக்கும் ஆகாத, பிள்ளை தன் உள்ளத்தைத் தானே காண்பதற்காகச் செய்யும் கைவேலை. அதில் எந்தப் பொருளைச் செய்வது என்று முடிவு செய்பவன் பிள்ளையே. இந்த ஒரு வேறுபாடு காக்கப்படும் வரை மண் அவனுக்குத் தளையாகாது, மொழியாகும்.

கடல் வந்த நாளும் அதன் பின்னும்

2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையை நம் கடற்கரையில் மறந்தவர் இல்லை. ஆழிப்பேரலையால் புதுவை ஒன்றியப் பகுதியில் மாண்ட ஏறத்தாழ 600 பேருள் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையினரே. பிள்ளைகள் பலர். விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்தபோது, வகுப்பில் சில இடங்கள் வெறுமையாக இருந்தன. வருகைப் பதிவேட்டில் பெயர் படிக்க நமக்கு நா எழவில்லை.

அந்நாட்களில் பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் கழகமாகிய நிமான்சு நிறுவனத்தார், பாதிக்கப்பட்ட தமிழகக் கடற்கரைப் பகுதிகளில் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுத் துளைக்காமல், ஓவியம், களிமண், பொம்மை, கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியாக அவர்களைப் பேசவிட வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்திய நெறி. நம் வகுப்பில் ஒரு சிறுமி பல நாட்கள் சிறுசிறு படகுகளைச் செய்து கவிழ்த்தே வைத்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரு படகை மட்டும் நிமிர்த்தி வைத்து, அதற்குள் ஓர் ஆளை உட்கார வைத்தாள். "யார்?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டது. "என் மாமா. அவர் வந்துவிட்டார்" என்றாள். அன்று முதல் அவள் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடினாள்.

கடலுக்கு அப்பால், ஈழத்தின் மட்டக்களப்பில் 1996இல் பிள்ளைகளுக்கென ஒரு பூங்கா தொடங்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தாங்கிய அமைதிப் பூங்கா அது. யேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன் அவர்களும் அதனை உருவாக்கியவர்கள். போரில் உற்றாரை இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முசுலிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தார்கள். மண்ணால் செய்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். ஒருவரையொருவர் அஞ்சும்படி வளர்க்கப்பட்ட இரண்டு தரப்புப் பிள்ளைகள் ஒரே மண்ணைப் பகிர்ந்து பிசைந்தது சிறிய செயலன்று.

பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கி அடைத்த கொடுமை ஐரோப்பாவிலும் நடந்தது. யூத மக்களை நாசிகள் அடைத்து வைத்த தெரசின் என்னும் ஊரில், பிரீடல் டிக்கர்-பிராண்டைசு என்ற ஓவிய அம்மையார் பிள்ளைகளுக்கு மறைவாகச் சித்திரம் கற்பித்தார். கிடைத்த காகிதத்தில் வரையவும், துண்டுகளை வெட்டி ஒட்டவும் செய்தார். 1944இல் அவர் ஆசுவிட்சு முகாமில் கொல்லப்பட்டார். பிள்ளைகளுள் மிகப் பலரும் கொல்லப்பட்டனர். ஆயினும் இரண்டு பெட்டிகளில் அவர் வைத்துச் சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் தப்பின. அவற்றில் பிள்ளைகள் தம் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். எண்ணிட்டு அடைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், தம் கைவேலையில் பெயருள்ள மனிதராக நின்றார்கள்.

இவற்றைச் சொல்லும்போது நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் உறுத்துகிறது. ஆழிப்பேரலை ஒரு நாள் வந்தது. உலகமே ஓடி வந்து பிள்ளைகளின் அச்சத்தைக் கேட்டது. கேட்டது நன்று. ஆனால் இழிவு என்னும் அலை நம் பிள்ளைகள் மேல் நாள்தோறும் சிறுகச் சிறுக வந்து மோதுகிறது. அதனைக் கேட்க எந்த வண்டியும் வருவதில்லை. நாமேதான் கேட்க வேண்டும்.

செய்யும் முறை

இதற்குப் பெரும் பொருள் வேண்டா. வாரத்தில் ஒரு மணி நேரமும், பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவராகப் பொறுமையுள்ள இளைஞர் ஒருவரும் போதும்.

முதலாவது களிமண். அரசலாற்றுப் படுகையிலும் வாய்க்கால் கரைகளிலும் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. கல்லும் வேரும் பொறுக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, ஈரச் சாக்கு போர்த்தி ஓரிரவு வைத்தால் பதப்படும். செய்தவற்றை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். "இதைச் செய்" என்று சொல்லாமல், "இன்று உன் கைக்கு என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது முகமூடி. கவிழ்த்த சட்டியின் மேல் பழைய செய்தித்தாளை மைதாக் கஞ்சியில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் கழற்றினால் முகம் கிடைத்துவிடும். எட்டு மெய்ப்பாடுகளுக்கும் எட்டு முகம் செய்து சுவரில் மாட்டுங்கள். வகுப்புக்குள் நுழையும் பிள்ளை தனக்குப் பொருந்தும் முகத்தைத் தொட்டுவிட்டு அமரட்டும். பேச விரும்பாத பிள்ளையும் அன்று தன் நிலையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது துணிப் பொம்மை. தாயின் பழம்புடவைக் கந்தலில் செய்த பொம்மை தாயின் மணத்தோடு இருக்கும். தாய் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்ட பிள்ளை அதனை மார்போடு அணைத்துக் கொள்வதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை பொம்மையைத் திட்டலாம், கொஞ்சலாம், தூங்க வைக்கலாம். நாம் அருகிலிருந்து கேட்டால் போதும்.

நான்காவது ஓலை வேலை. தென்னங்கீற்றில் கிளி, பாம்பு, ஊதல், காற்றாடி செய்ய நம் பாட்டிமார்க்குத் தெரியும். அவர்களை வகுப்புக்கு அழையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தன் பாட்டி ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து கற்பிப்பதைக் காணும் பேரனின் முகத்தில் தோன்றுவதுதான் பெருமிதம். அச்சொல்லின் பொருளை எந்த அகராதியும் அவ்வளவு தெளிவாக விளக்காது.

ஐந்தாவது மணிச்சரம். களிமண்ணில் சிறுமணிகள் உருட்டி, துளையிட்டு, உலர்த்தி, வண்ணம் பூசி வைக்கலாம். அன்றன்று தன் மனத்துக்கேற்ற வண்ணத்தில் ஒரு மணியைக் கோத்து வந்தால், மாத முடிவில் பிள்ளை தன் நாட்களைத் தானே எண்ணிப் பார்க்கும். ஆனால் எந்த வண்ணம் எந்த உணர்ச்சி என்று நாம் விதிக்கலாகாது. ஒரு சிறுமி தொடர்ந்து கறுப்பு மணியையே கோத்தாள். துயரம் என்று எண்ணி நாம் கலங்கினோம். பிறகு அவளே சொன்னாள்: "கறுப்புதான் ஐயா சந்தோஷம். எங்கள் ஆடு போட்ட குட்டி கறுப்பு."

கொள்ள வேண்டியவையும் தள்ள வேண்டியவையும்

"இது என்ன? கோணலாக இருக்கிறதே" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். "அழகு" என்று புகழ்வதும் வேண்டா. புகழ்ந்தால் அடுத்த முறை நம்மை மகிழ்விக்கவே செய்யும். பரிசுப் போட்டி வேண்டா. ஆண்டு விழாவில் காட்சிக்கு வைக்கும் ஆசையும் வேண்டா. பிள்ளை தன் துயரத்தைச் செய்து வைத்தது ஊரார் பார்த்துச் செல்வதற்கன்று.

ஆண் பிள்ளை அழக் கூடாது என்பதையும், பெண் பிள்ளை சினக்கக் கூடாது என்பதையும் நம் வீடுகளிலிருந்து விரட்ட வேண்டும். அழாத ஆண் பிள்ளை பின்னர்க் கையை ஓங்குகிறான். சினக்காத பெண் பிள்ளை பின்னர் எல்லாவற்றையும் பொறுத்துக் கொள்கிறாள். சாராயக் கடை வாசலில் ஒரு குடும்பத்தின் கூலி கரையும்போது, வீட்டின் மூலையில் நடுங்கும் பிள்ளையின் அச்சமும் இம்மண்ணில் வெளிப்படும். அதனைக் காணத் தந்தையர் துணிய வேண்டும்.

மண் பொம்மையைக் கொண்டு நோய் கண்டறிய முயலாதீர்கள். நாம் மருத்துவர்கள் அல்லோம். பிள்ளை வாரக் கணக்கில் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவரேனும் தகாத முறையில் தீண்டியதாகப் பிள்ளையின் பேச்சிலிருந்து தெரிய வந்தால் மறைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதனைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் நினைவில் வையுங்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளையை அச்சமும் அதிர்ச்சியும் பதற்றமும் இன்றி இருக்கச் செய்வதும், தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லத் துணை செய்வதும் கல்வியின் பகுதி என்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. சட்டம் வழங்கிய உரிமை.

பெயர் சொன்ன பின் நம் கடமை

வயிற்றுவலிச் சிறுவனின் கதையை முடிக்காமல் விட்டோம். அவன் அதன்பின் எல்லாவற்றையும் செய்தான். வீடு, ஆடு, பேருந்து. பறையை மட்டும் செய்யவில்லை. நாமும் கேட்கவில்லை. மூன்று மாதங்கள் சென்றிருக்கும். ஒரு பிற்பகல் சாலையில் பறையொலி எழுந்தது. பின் வரிசையில் யாரோ பலகையில் தட்டினார்கள். சிறுவன் எழுந்து நம்மிடம் வந்தான். அவன் படுத்துக் கொள்வான் என்று பாய் எடுக்கப் போனோம். "ஐயா, வயிறு வலிக்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது" என்றான்.

நம் ஆசிரியப் பணியில் நாம் கேட்ட வாக்கியங்களுள் அதனினும் சிறந்த ஒன்றை நினைவுகூர இயலவில்லை. அவன் இலக்கணப் பிழையின்றி, உணர்ச்சிப் பிழையும் இன்றிப் பேசினான்.

ஆனால் இளைஞர்களே, இங்கேதான் நம் பணி தொடங்குகிறது. பிள்ளை பெயர் சொல்லிவிட்ட பிறகு பெரியவர்கள் செயல்படாவிட்டால், அப்பெயரால் பயனில்லை. "கோபம் வருகிறதா? மண்ணைப் பிசை, தணிந்துவிடும்" என்று நாம் அனுப்பியிருந்தால், அது இழிவைத் தாங்கப் பழக்கும் வேலையாக முடிந்திருக்கும். அன்றே வகுப்பை நிறுத்தினோம். தட்டிய பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசினோம். ஒருவர் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் முகத்தைத் திருப்பிக் கொண்டு சென்றார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். எனினும் அந்த வகுப்பில் அதன்பின் பலகையில் தாளம் எழவில்லை. அவன் தந்தையையும் ஒரு நாள் அழைத்தோம். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சும் விதத்தையும், சூடு ஏற ஏறத் தோலின் ஒலி ஏறுவதையும் அவர் அறிவியல் பாடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கினார். மகன் எங்கே அமர்ந்திருந்தான் தெரியுமா? முதல் வரிசையில். அவன் அத்தொழிலுக்குச் செல்லவில்லை. செல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் தந்தையை மறைக்கவும் இல்லை.

நம் முன்னோர் பள்ளியின் கதவைத் திறந்து தந்தார்கள். சுவாமி சகசானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோது, நம் பிள்ளைகள் உள்ளே வந்து அமர்வதே பெரும் போராட்டமாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் உள்ளே அமர்ந்திருக்கிறார்கள். உள்ளே அமர்ந்த பிள்ளையின் உள்ளம் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் தலைமுறையின் கடமை.

ஆகவே கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். மாலை நேர வகுப்புகளில் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரத்தைச் சிறு பிள்ளைகளின் கைகளுக்கு ஒதுக்குங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்தப் பாடமும் வேண்டா, எந்தத் தேர்வும் வேண்டா. ஓர் இளைஞர், ஒரு பாட்டி, ஒரு கூடைக் களிமண், நான்கு கீற்று. மண்ணுக்கு விலையில்லை, கீற்றுக்கும் விலையில்லை. கேட்பதற்குக் காது மட்டும் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் மண் பிசைய நாம் வருகிறோம். உடன் வருவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.